சபுராளி வீட்டுப் பெருநாள் கணக்கு



சபுராளி வீட்டுப் பெருநாள் இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று நம் கண் முன்னால் நடப்பது: புதுத்துணி, இடியாப்பம், கறி ஆணம், பகலுக்கு நெய்ச்சோறு, தாளிச்சா. மற்றொன்று கடல் கடந்து ஓர் அறையில் நடப்பது. அதைப் பற்றி அங்கிருப்பவர் நம்மிடம் முழுதாகச் சொல்வதில்லை. "பெருநாள் எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா போச்சு, பிரியாணி சாப்பிட்டோம்" என்று முடித்துவிடுவார். பாதிக்கு மேல் அது உண்மையாகவும் இருக்கும். மிச்சம் பாதியைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

வியாபாரம் செய்பவர்களையும், குடும்பத்தோடு அங்கே இருப்பவர்களையும் பற்றியதல்ல இது. வளைகுடா நாடுகளில் துப்புரவு, கட்டடம், கடை, சலூன், ஓட்டல், டிரைவர் என்று சிறு சம்பளத்தில் இருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுடைய பெருநாளுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி இங்கே, நம் வீட்டில்தான் முடிவாகிறது.

முதலில் நாள் கணக்கு. சவூதி, அமீரகம், கத்தார், குவைத் நாடுகளில் பெரும்பாலும் நமக்கு ஒரு நாள் முன்னதாகவே பெருநாள் வந்துவிடும். 2025ல் அங்கெல்லாம் மார்ச் 30, ஓமானிலும் நம்மூரிலும் மார்ச் 31. (நம் ஊருக்குள்ளேயே பிறையில் இரண்டு கருத்து உண்டு, அதற்குள் இங்கே போகவில்லை.) ஆக, அவர் பெருநாள் தொழுதுவிட்டு வந்து போன் போடும்போது வீட்டில் எல்லோரும் நோன்பு. உம்மா சமையலறையில் இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும், மனைவி நாளைய வேலைக்கு ஓடிக்கொண்டிருப்பார். "நாங்க நாளைக்கித்தானே, அப்பப் பேசலாம்" என்று போனை வைத்துவிடுவோம். மறுநாள் நாம் ஓய்ந்து உட்கார்ந்து கூப்பிடும்போது அவர் வேலைக்குப் போய்விட்டிருக்கலாம். இப்படி இரண்டு நாளும் தவறிப்போகிற வீடுகள் அதிகம். நேரமும் ஒன்றல்ல. அமீரகமும் ஓமானும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே பெருநாள் தொழுகை சூரியன் உதித்துச் சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். ரியாதில் காலை ஏழு மணி என்றால் இங்கே ஒன்பதரை. அந்த நேரத்தில் பத்து நிமிடம், வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அவருடைய பெருநாளுக்கு வாழ்த்துச் சொன்னால் அவருக்கு அது போதும்.

அந்த நாளில் அவருக்கு லீவு இருக்குமா என்பது தொழிலைப் பொறுத்தது. சட்டப்படி விடுமுறை உண்டு. சவூதியில் தனியார் நிறுவனங்களுக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் நான்கு நாள். அமீரகத்தில் நோன்புப் பெருநாளுக்கு ஷவ்வால் பிறை மூன்று வரை. அன்று வேலை வாங்கினால் சவூதிச் சட்டம் அதை ஓவர்டைமாகக் கணக்கிடச் சொல்கிறது. அமீரகத்தில் மாற்று விடுமுறை தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு அடிப்படைச் சம்பளத்தில் பாதியைச் சேர்த்துத் தர வேண்டும். இதை உங்கள் வீட்டுச் சபுராளி அறிந்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். புதிதாகப் போனவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் பெருநாள் என்பது சிலருக்கு லீவு அல்ல, சீசன். தையல்கடை, லாண்டரி, சலூன், சூப்பர் மார்க்கெட் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெருநாளுக்கு முந்திய இரவுதான் வருடத்திலேயே பெரிய இரவு. பஜ்ர் வரை கை ஓயாது. குளித்துத் தொழுதுவிட்டுப் படுத்தால் அஸருக்குத்தான் எழுவார். "பெருநாள் அன்னைக்கிக்கூட தூங்குறான், ஒரு போன் போடத் தெரியல" என்று நாம் வருத்தப்படுகிறோம். ஓட்டலில் இருப்பவருக்கு அந்தத் தூக்கமும் கிடையாது; ஊரெல்லாம் சாப்பிட வருகிற நாள் அது.

கம்பெனி கேம்பில் இருப்பவர்கள் நிலை வேறு. அவர்களுக்கு இரண்டு, மூன்று நாள் முழு லீவு கிடைக்கும். எட்டுப் பேர் படுக்கும் அறை, இரண்டடுக்குக் கட்டில், கேம்ப் ஊருக்கு வெளியே. வேலை நாளில் அலுப்பில் நேரம் போய்விடும். வேலையில்லாத நாளில்தான் வீட்டு நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். பேசவும் தனியிடம் இல்லை. பக்கத்துக் கட்டிலில் வேறு நாட்டுக்காரர் படுத்திருக்க, வீட்டுப் பெண்களை வீடியோவில் பார்த்துப் பேச நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். மாடிப்படியிலோ மொட்டைமாடியிலோ நின்று பேசுவார்கள். சீக்கிரம் போனை வைத்துவிடுகிறார் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான், பாசக்குறைவு அல்ல.

"அப்படியானால் பெருநாளைக்கு வந்துவிட்டுப் போகலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. அமீரகத்தில் ஒரு வருடம் முடித்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் லீவு சட்டத்தில் இருக்கிறது; சவூதியில் 21 நாள், ஐந்து வருடத்துக்குப் பிறகு 30. ஆனால் எந்தத் தேதியில் போவது என்பதை கம்பெனி முறை வைத்துத்தான் தரும். எல்லோரும் பெருநாளுக்கே கேட்பார்கள், சிலருக்கே கிடைக்கும். பல கம்பெனிகளில் டிக்கெட் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். சொந்தக் காசில் வருவதானால் பெருநாளை ஒட்டிய வாரங்களில் டிக்கெட் விலை ஏறிக் கிடக்கும். அதற்கு மேல் பெட்டி கட்ட வேண்டும்: சென்ட், சோப்பு, கோடாலித் தைலம், பால்பவுடர், யாரையும் விட்டுவிட முடியாத ஒரு பட்டியல். பெருநாள் கழிந்து, பள்ளி விடுமுறை நெரிசலும் இல்லாத ஒரு மாதத்தில் அவர் வந்தால் டிக்கெட்டில் மிஞ்சும் பணமே வீட்டுக்கு ஒரு மாதச் செலவாகும். வெறுங்கையோடு வந்தால் போதும் என்று அவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியவர்கள் மனைவியும் உம்மாவும்தான். மற்றவர்கள் சொன்னால் அவர் கேட்கமாட்டார்.

இனி பணக் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அமீரகத்தில் 1,200 திர்ஹம் சம்பளம், தங்குமிடம் கம்பெனியுடையது என்று வைத்துக்கொள்வோம். ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்றே கணக்கிடுவோம். அறையில் கூட்டாகச் சமைக்கும் மெஸ்ஸுக்கு 350. போனுக்கு 75. சோப்பு, முடிவெட்டு, பஸ் எல்லாம் சேர்த்து 75. ஆக, அவர் உயிர்வாழ்வதற்கு மாதம் 500 திர்ஹம். மீதி 700, நம் பணத்தில் 16,800 ரூபாய். அதில் விசாவுக்கு வாங்கிய கடனுக்கு மாதம் 7,000 போனால் வீட்டுக்கு 9,800.

இப்போது பெருநாள் பட்டியல் வருகிறது. மனைவிக்கு, மூன்று பிள்ளைகளுக்கு, உம்மா வாப்பாவுக்குத் துணி. கட்டிக்கொடுத்த தங்கைக்குச் சீர். கறி, மளிகை. சுருக்கமாகச் செய்தாலும் 12,000 ரூபாய். நமக்கு அது பெரிய தொகையாகத் தெரியாமல் இருக்கலாம். ஊரில் எல்லோரும் செய்வதுதானே. அங்கே அது 500 திர்ஹம். அதாவது அவர் ஒரு மாதம் சாப்பிட்டு, போன் பேசி, முடி வெட்டி வாழ்வதற்கு ஆகும் மொத்தச் செலவு. அந்தப் பணம் அவருடைய சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும், இல்லையென்றால் கடனாக வர வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

ரமலானில் ஒரு நிம்மதி உண்டு. பள்ளிவாசல்களிலும் அவற்றையொட்டிய கூடாரங்களிலும் இஃப்தார் இலவசம். பேரீச்சம்பழம், மோர், சோறு என்று வயிறு நிறையக் கிடைக்கும். துபாய் தேராவில் நம் ஊர் நோன்புக் கஞ்சியே கிடைக்கிறது. அந்த மாதம் மெஸ் செலவு குறையும். நூறு, நூற்றைம்பது திர்ஹம் மிச்சம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் அனுப்பும் பெருநாள் பணத்தில் ஒரு பகுதி இப்படி வந்தது என்பது வீட்டில் தெரிந்திருப்பது நல்லது.

இன்னொரு சிக்கலை யாரும் பேசுவதில்லை. சம்பளம் இங்கிலீஷ் மாதப்படி வருகிறது, பெருநாள் ஹிஜ்ரி மாதப்படி வருகிறது. ஹிஜ்ரி ஆண்டு பத்துப் பதினோரு நாள் குறைவு என்பதால் பெருநாள் ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் விழும். முதல் வாரத்தில் சம்பளம் வாங்குகிறவருக்குப் பெருநாள் எட்டாம் தேதி வந்தால் கையில் பணம் இருக்கும். இருபதாம் தேதி வந்தால் போன சம்பளம் தீர்ந்திருக்கும், அடுத்தது வந்திருக்காது. "போன வருஷம் அனுப்புன மாதிரி இந்த வருஷம் அனுப்பல" என்று மாமியார் வீட்டில் பேச்சு வருவதற்கு அவருடைய மனம் மாறியது காரணமாக இருக்காது. காலண்டர்தான் காரணமாக இருக்கும். பல கம்பெனிகள் பெருநாளுக்காக முன்னதாகச் சம்பளம் போடுவதில்லை.

அதனால் பெருநாள் பணத்தைப் பெருநாளுக்கு ஐந்து மாதம் முன்பே பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. இந்த வருடம் எவ்வளவு, யார் யாருக்கு, எதை விடுவது என்று. 500 திர்ஹத்தை ஒரே மாதத்தில் புரட்டுவது கடன். ஐந்து மாதத்தில் நூறு நூறாக ஒதுக்குவது சேமிப்பு. பணம் அனுப்பும்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்டணம் பிடிப்பார்கள். அமீரகத்தில் அந்தக் கட்டணத்தின் மேல் 5 சதவீதம் வாட் வரியும் உண்டு. "துணிக்கு இப்ப அனுப்பு, கறிக்கு அப்புறம் அனுப்பு, தங்கச்சிக்குத் தனியா அனுப்பு" என்று மூன்று தடவை அனுப்ப வைத்தால் மூன்று கட்டணம். ஒரே தொகையாக வரவழைத்து இங்கே பிரித்துக்கொள்ளலாம். ரேட் ஏறட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஆயிரம் திர்ஹத்துக்குப் பத்துப் பைசா ஏறினால் கிடைப்பது நூறு ரூபாய். அதற்காக ஒரு வாரம் காத்திருந்து, இங்கே கைமாத்து வாங்குவதில் அர்த்தமில்லை.

கடன் வகையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அறைக்குள் நண்பரிடம் வாங்கும் கைமாத்தும், அறைச் சீட்டை முன்னதாக எடுப்பதும் ஒருவிதம். வட்டிக்கு வாங்குவது வேறு. அது ஹராம் என்பது ஒரு பக்கம், அந்நிய நாட்டில் அது காலைக் கட்டிப்போடும் என்பது மறுபக்கம். பெருநாள் சமயத்தில் கிரெடிட் கார்டு தருகிறோம், லோன் தருகிறோம் என்று வருபவர்கள் அங்கே நிறைய. கட்டத் தவறினால் வழக்காகி, பயணத் தடை வரைக்கும் போகலாம். பிறகு மவுத்துக்குக்கூட ஊருக்கு வர முடியாமல் நிற்க வேண்டியதுதான். பன்னிரண்டாயிரம் ரூபாய்த் துணிமணிக்காக எந்த உம்மாவும் இதைக் கேட்கமாட்டார். கேட்பது இதுதான் என்று தெரியாமல்தான் கேட்கிறார்.

பணமில்லாமல் அந்த நாளைக் கழிப்பது எப்படி என்று பார்த்தால், பெருநாளின் முக்கியமான காரியங்கள் எதற்கும் காசு தேவையில்லை. குளிப்பது, இருப்பதில் நல்ல உடையை உடுத்துவது, தொழப் போகுமுன் பேரீச்சம்பழம் சாப்பிடுவது, தக்பீர் சொல்லிக்கொண்டு போவது, ஒரு வழியில் போய் வேறு வழியில் திரும்புவது. சுன்னத்தில் புதுச்சட்டை வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. தொழுதுவிட்டு வந்து கட்டிலில் விழுந்துவிடாமல் இருப்பதுதான் பெரிய காரியம். அறையில் ஆளுக்குப் பத்துப் பதினைந்து திர்ஹம் போட்டால் எட்டுப் பேருக்கு பிரியாணி ஆக்கிவிடலாம். ஆக்குகிற வேலையிலேயே பகல் போய்விடும். துபாயில் இருப்பவர் ஒரு தடவைக்கு ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் ஏறி தேராவிலிருந்து பர்துபாய்க்குப் போய் வரலாம். அபுதாபியிலும் தோஹாவிலும் கார்னிஷ் ஓரம் நடக்கலாம். ரியாதில் பத்ஹா, ஜித்தாவில் ஷரஃபிய்யா போனால் நம் ஊர்ப் பக்கத்து முகம் ஒன்றாவது தட்டுப்படும்.

நம் பகுதி ஊர்கள் பலவற்றுக்கு அங்கே ஜமாஅத் இருக்கிறது. பெருநாள் சந்திப்பு நடத்துகிறார்கள். ஆனால் சிறு சம்பளக்காரர்கள் அங்கே போகக் கூசுகிறார்கள். காரில் வருபவர்களுக்கு நடுவே நிற்க வேண்டும், சந்தா கேட்பார்கள், "எங்கே வேலை?" என்று கேட்பார்கள் என்ற எண்ணம். அந்தச் சந்திப்புகளை நடத்தும் சகோதரர்கள் இந்த இதழைப் படிப்பதுண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்று ஒருநாள் சந்தா நோட்டை எடுத்து வர வேண்டாம். கேம்பிலிருந்து வர முடியாதவர்களுக்கு ஒரு வண்டி அனுப்புங்கள்.

போன் விஷயத்தில் ஒரு சிறு ஏற்பாடு தேவை. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாமே தவிர அழைப்பு சாதாரணமாக வேலை செய்யாது; போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். பெருநாள் காலையில் பேத்தியைத் தேடி அதை ஏற்றச் சொல்லாமல், முந்திய வாரமே உம்மாவின் போனில் போட்டு ஒரு தடவை பேசிப் பார்த்துவிடுங்கள்.

பேசும்போது சாப்பாட்டுத் தட்டைக் காட்டுவதா வேண்டாமா என்பது ஆளைப் பொறுத்தது. சிலர் "காட்டு, காட்டு" என்று பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். சிலரால் தாங்க முடியாது. கேட்டுவிட்டுக் காட்டுங்கள். மனைத் தகராறு, ஸ்கூல் பீஸ், நாத்தனார் சொன்ன சொல் இவை அனைத்தும் மூன்று நாள் பொறுத்துக்கொள்ளும். பிள்ளைகள், "வாப்பா, எனக்கு என்ன அனுப்புனீங்க?" என்று தொடங்குவது பழக்கத்தில் வருவது. அதற்குப் பதிலாக இந்த ரமலானில் எத்தனை நோன்பு பிடித்தார்கள், எந்த சூரா பாடமாக்கினார்கள் என்று சொல்லப் பழக்கலாம். பெருநாள் காசை வாப்பாவின் பெயரைச் சொல்லிப் புது பத்து ரூபாய் நோட்டாக மனைவி கொடுத்தால், அது வாப்பா கொடுத்ததாகவே பிள்ளை மனத்தில் நிற்கும். அந்த வருடத்தில் வீட்டில் யாராவது மவுத்தாகி, அவர் ஜனாஸாவுக்கு வர முடியாமல் போயிருந்தால், அந்த முதல் பெருநாளில் அவரை அதிகம் பேசவைக்க வேண்டாம். கூடவே இருக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

ஃபித்ரா பற்றி ஒரு விளக்கம். அவர் தமக்காக மட்டும் அங்கே கொடுக்கிறாரா, மனைவி மக்களுக்கும் சேர்த்துக் கொடுக்கிறாரா என்பதை முன்னமே பேசிக்கொள்ளுங்கள். அமீரகத்தில் அண்மை ஆண்டுகளில் தலைக்கு 25 திர்ஹம் என்று அறிவித்திருந்தார்கள். ஐந்து தலைக்கு 125 திர்ஹம், அதாவது மூவாயிரம் ரூபாய். அதே ஐந்து பேருக்கு இங்கே வீட்டிலும் அரிசி அளந்து கொடுத்துவிட்டால் ஒரே கடமை இரண்டு தடவை நிறைவேறுகிறது. வீட்டாருக்கு உள்ளதை அவருடைய அனுமதியோடு இங்கேயே கொடுத்துவிடலாமா என்பதை அவரவர் மத்ஹபுப்படி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளவும். சம்பளமே வராமல் கேம்பில் மாட்டிக்கொண்டிருப்பவர் இருந்தால், அவர் ஜகாத் வாங்கத் தகுதியானவராகவே இருக்கலாம். கடனாளியும் வழிப்போக்கரும் ஜகாத்துக்குரிய எட்டு வகையில் வருகிறவர்கள். வெளிநாட்டில் இருக்கிறார் என்பதாலேயே அவர் வீட்டை வசதியான வீடு என்று எழுதிவிடக் கூடாது.

வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களுக்குப் பெருநாள் என்பது விருந்தாளிகள் வரும் நாள், வேலை இரட்டிப்பாகும் நாள். மூன்று நான்கு நாள் போன் வராமல் இருக்கலாம்; முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். வாரக்கணக்கில் வராவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். இந்தியத் தூதரகத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளம் வழியாக இங்கிருந்தே புகார் பதியலாம். அமீரகத்திலும் குவைத்திலும் வேலைக்காரரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது சட்டப்படி கூடாது.

நோன்புப் பெருநாள் முடிந்து ஏறத்தாழ எழுபது நாளில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிடும். முதல் பெருநாளுக்கு வாங்கிய கைமாத்து தீர்வதற்குள் ஆட்டுக்குப் பணம் கேட்டுப் போன் போகும். ஹனஃபி மத்ஹபில் வசதி உள்ளவர் மீதே குர்பானி வாஜிப். ஷாஃபிஈ மத்ஹபில் அது வலியுறுத்தப்பட்ட சுன்னத். விசாக் கடனில் இருப்பவர் இன்னொரு கடன் வாங்கி ஆடு அறுக்க வேண்டும் என்று எந்த மத்ஹபும் கேட்கவில்லை. வசதி ஓரளவு இருந்தால் முழு ஆட்டுக்குப் பதில் ஏழு பேர் சேரும் கூட்டுக் குர்பானியில் ஒரு பங்கு போதும். பங்குக்குப் பெயர் கொடுப்பதானால் துல்கஅதாவிலேயே கொடுத்துவிட வேண்டும், கடைசி வாரத்தில் கிடைப்பதில்லை. இந்த வருடம் நம் வீட்டில் குர்பானி இல்லை என்று முடிவானால் அதை அவர் வாயால் சொல்ல வைக்காதீர்கள். வீட்டிலிருந்து நீங்களே சொல்லிவிடுங்கள், அதையும் ஆட்டுச் சந்தை கூடுவதற்கு முன்பே.